புல்லுக்குச் சாயம் காய்ச்சிய கோடை

சனிக்கிழமை காலைகளில் என் மருமகன் புல் வெட்டுவார். இந்தக் கனடா நாட்டில் அது ஒரு விரதம் மாதிரி. வெட்டாமல் விட்டால் அயலவர் முகம் கொடுத்துப் பேசமாட்டார்களாம். மெசினைத் தள்ளி முடித்ததும் குழாய் முனையில் ஒரு சக்கரத்தைப் பூட்டித் திறந்துவிடுவார். அது சுற்றிச் சுற்றிப் புல்லுக்குத் தண்ணீர் விசிறும். நாங்கள் குடிக்கிற அதே தண்ணீர். மகள் யன்னலைத் திறந்து, "அப்பா, வெட்டின புல்லு வாசம் எவ்வளவு நல்லாயிருக்கு, வந்து பாருங்கோ" என்பாள். நான் எழும்பிப் போய் யன்னலைச் சாத்துவேன். கிழவனுக்குக் குளிர் என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். குளிரும் இல்லை, ஒன்றும் இல்லை. எனக்குப் பல் கடிபடுகிறது.

உங்களுக்குச் சொல்வதற்கென்ன. அந்த வாசம் மூக்கில் ஏறியதும் எனக்கு ஒரு மனிதரின் முகம்தான் வரும். வெற்றிலை போட்டுச் சிவந்த உதடு, வெள்ளைக் கோட்டு, வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி. கனகசபையர். அவர் செத்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. நான்தான் இன்னும் விடவில்லை. இந்த வயதில் இது நல்லதில்லை, மனதை ஆறவிட வேண்டும் என்று கோயிலில் ஒருவர் புத்தி சொன்னார். தலையாட்டினேன். ஆறவிடுகிற எண்ணம் எனக்கு இல்லை.

எங்கள் தீவில், வேலணையில், சாட்டிக் கடற்கரையிலிருந்து சரவணைப் பக்கமாக வருகிற வழியில் ஒரு தரவை கிடந்தது. தரவை என்றால் வெட்டவெளியான புல்நிலம். ஒருவருக்கும் சொந்தமில்லை, அதனால் எல்லாருடைய மாடும் அங்கேதான் மேயும். ஊர்காவற்றுறைத் துறைமுகத்துக்கு உயிர் இருந்த காலம் அது. அங்கே உத்தியோகம் பார்த்த வெள்ளைக்காரத் துரைமாருக்குப் பொழுது போகவேண்டாமா? ஒரு துரை தரவையில் குழி வெட்டிக் கோல்ஃப் விளையாடத் தொடங்கினார். சனம் அதற்குக் குழிப்பந்து என்று பெயர் வைத்தது.

அந்த முதல் துரை நல்ல மனிதர். குழியைச் சுற்றியிருக்கிற வட்டத்தைக் 'கிரீன்' என்பார்கள், பச்சை என்று பொருள். எங்கள் ஊர்க் கோடையில் பச்சைக்கு எங்கே போவது? அவர் மண்ணை அரித்து, எண்ணெய் விட்டுக் குழைத்து, அழுத்தித் தட்டி, அந்த மண்வட்டத்திலேயே பந்தை உருட்டினார். மாடுகளைக் கலைத்ததும் இல்லை. பந்து சாணியில் விழுந்தால் துடைத்துவிட்டு அடிப்பார். பிறகு அவருக்கு மாற்றல் வந்தது. துரைமாரின் கோல்ஃப் கிளப்புக்குக் காரியதரிசியாகக் கனகசபையர் வந்து சேர்ந்தார். தரவையைச் சுற்றி முள்வேலி வந்தது. மாடுகள் வெளியே போயின.

நான் எப்படி இதற்குள் அகப்பட்டேன் என்றும் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்து ஆண்கள் தெற்கே சிங்கள ஊர்களுக்குப் போய்க் கடை வைப்பது வழக்கம். என்னையும் மாமாவின் கடைக்கு அனுப்பினார்கள். வெங்காயம் நிறுக்கிற வேலை எனக்குச் சரிவரவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் மலைநாட்டுக்கு ஏறி, அங்கே ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல்லுவேலைக்காரருக்கு மேற்பார்வையாக நின்றேன். அங்கே மழை தன்பாட்டில் பெய்யும், புல் தன்பாட்டில் வளரும். நாங்கள் செய்ததெல்லாம் வெட்டியது மட்டும்தான். அந்தப் பெரிய வித்தையைப் படித்துக்கொண்டு, அரைக் காற்சட்டையும் தொப்பியுமாக ஊருக்கு வந்து தரவையில் வேலைக்கு நின்றால் சனம் விடுமா? 'புல்லுத்துரை' என்று பெயர் வைத்தது. இன்றைக்கும் ஊர்க்காரர் யாராவது ரொறன்ரோக் கடைத்தெருவில் என்னைக் கண்டால், "ஓ, எங்கடை புல்லுத்துரையர் எல்லே!" என்கிறார்கள்.

கனகசபையருக்கு ஒரு ஆசை இருந்தது. முதலியார் பட்டம். அந்தக் காலத்தில் துரைமாரின் மனம் குளிர்ந்தால் பட்டம் கிடைக்கும். ஆவணியில் பட்டத்துக்குச் சிபாரிசு செய்கிற பெரிய துரையே வரப்போகிறார், அவர் கோல்ஃப் பிரியர், ஒரு பின்னேரம் எங்கள் தரவைக்கும் வருவார் என்று செய்தி வந்தது. கனகசபையர் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீர் மலைநாட்டிலை நிண்டனீர் எல்லே? பெரிய துரை வரேக்கை அங்கத்தையைப் போலை இங்கையும் பச்சையா இருக்கவேணும்."

"ஐயா, போன மாரி பொய்ச்சுப் போச்சு. சோளகக் காத்தும் தொடங்கியிட்டுது. தண்ணிக்கு எங்கை போறது?"

"அது என்ரை பொறுப்பு. நீர் புல்லைப் பாரும்."

புல்லைப் பார்த்தேன். தோட்டக் கரைகளில் கிடந்த அறுகம்புல்லைக் கிளப்பி, துண்டு துண்டாக வெட்டி வட்டங்களில் நட்டோம். கடற்கரையில் ஒதுங்குகிற சாதாளை என்ற கடற்புல்லை அள்ளிக் கழுவிக் காயவைத்து, மாட்டெருவோடு சேர்த்து அரித்துத் தூவினோம். அந்த மணத்தை எப்படிச் சொல்ல? கருவாட்டுக்கும் சாணிக்கும் கலியாணம் நடந்த வீடு மாதிரி இருக்கும். மத்தியான வெயிலுக்குக் கிடுகால் பந்தல் போட்டோம். சோளகக் காற்று பந்தலைப் பிடுங்கிக் கடலில் எறிந்தது. திரும்பவும் போட்டோம். காற்றோடு வருகிற மணல் புல்லின் நுனியை அரத்தால் அராவுவதுபோல அராவும். விடிய ஒரு தரம், பொழுதுபட ஒரு தரம் தண்ணீர் வார்த்தால்தான் உயிர் நிற்கும். அந்தத் தண்ணீர் என் அக்காவின் கிணற்றிலிருந்து வந்தது.

சாதாளை மணம் அக்காவின் கையிலும் இருக்கும். அவளும் தன் மிளகாய்க் கன்றுகளுக்கு அதைத்தான் போடுவாள். எனக்கு ஒரே அக்கா, பெயர் பரமேசு. தாய் தகப்பன் போன பிறகு என்னை ஆளாக்கியவள். அத்தான் தெற்கே கடையில், வருசத்தில் ஒருமுறை வருவார். மற்ற நாளெல்லாம் அவள் தனியாகத்தான் தோட்டம் செய்தாள், மாடு வளர்த்தாள், ஓலைக்குச் சாயம் போட்டுப் பாய் பின்னினாள். அவளுக்குச் சீதனமாக வந்த வளவு தரவை ஓரத்தில் இருந்தது. அந்த வளவின் கிணறு சுற்றுவட்டாரத்துக்கே பேர் போன நல்லதண்ணீர்க் கிணறு. காலையும் மாலையும் குடத்தோடு பெண்கள் வந்துகொண்டேயிருப்பார்கள். அக்கா படலையைச் சாத்தினதே இல்லை. கிணற்றடியில் அவள் ஒரு இராசாத்தி. யாருடைய மகளுக்கு எந்த ஊரில் மாப்பிள்ளை பார்க்கலாம் என்பதுகூட அங்கேதான் முடிவாகும்.

கனகசபையர் தண்ணீர் கேட்டு அவளிடம் தானே வந்தார். நான் கதிரை எடுத்துப் போட்டேன். அக்கா மோர் கொடுத்தாள். அதை வாங்கிக் குடித்துவிட்டு, "பிள்ளை, உன்ரை தம்பியின்ரை வேலைக்குத்தானே கேக்கிறன். கொஞ்சத் தண்ணி. உனக்கும் ஊருக்கும் பெருமை" என்றார். எவ்வளவு இனிப்பாகப் பேசினார் தெரியுமா! அக்காவுக்கும் தம்பி பார்க்கிற புல் பச்சையாக இருக்கவேண்டும் என்று ஆசை. ஓம் என்றாள்.

தீவில் பிறந்தவர்களுக்கு ஒன்று தெரியும். எங்கள் கிணறுகளில் நல்ல தண்ணீர் மேலே மிதக்கிறது, அதற்குக் கீழே கடல் இருக்கிறது. பதமாக அள்ளினால் ஊறித் தரும். பேராசைப்பட்டு இறைத்தால் கடல் மேலே ஏறிவிடும். பனையோலைப் பட்டையால் அளவாக இறைத்தவரையில் பிழை வரவில்லை. ஆடி பிறந்ததும் கனகசபையர் ஆட்களையும் பீப்பாய் ஏற்றிய வண்டிகளையும் அனுப்பினார். துலா நிற்காமல் ஆடியது. கிணற்றடியில் குடத்தோடு வந்த பெண்கள் ஒதுங்கி நின்றார்கள். இது ஆகாது என்று அக்கா சொன்னாள், நானும் சொன்னேன்.

"அந்தக் கிணத்துத் தண்ணிதான் விடவேணும். நான் சொல்லுமட்டும் நிப்பாட்டக் கூடாது. விளங்கிச்சோ?" என்று அத்தனை வேலைக்காரருக்கும் முன்னால் கையை உயர்த்திச் சொன்னார் கனகசபையர்.

அவர் தெரியாமல் செய்யவில்லை, பாருங்கள். அவரும் அதே தீவில் பிறந்தவர். அவருடைய வீட்டிலும் அருமையான கிணறு இருந்தது. அதில் கொஞ்சம் எடுப்போமா என்று கேட்டதற்கு, "அது சுவாமிக்கு எடுக்கிற தண்ணி" என்றார். தெரியாமல் செய்தவரை நான் எப்போதோ மறந்திருப்பேன்.

ஒருநாள் விடியக் குசினியில் அக்கா தேத்தண்ணி வைத்தாள். ஒரு வாய் குடித்தேன். அவளும் குடித்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். உப்பு. அவள் வெளியே போய்ப் பட்டையில் அள்ளி நாக்கில் விட்டுப் பார்த்தாள். கைகழுவப் போனவள்போல நின்று, பட்டையைக் கவனமாகக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு உள்ளே வந்தாள். அன்று குடத்தோடு வந்தவர்கள் வெறுங்குடத்தோடு திரும்பினார்கள். இரண்டு மூன்று நாளில் ஒருவரும் வரவில்லை. "வெள்ளைக்காரனுக்குக் குடுத்துக் கிணத்தை நாறடிச்சுப்போட்டாள்" என்று ஒழுங்கையில் அவள் காதுபடவே சொன்னார்கள். கனகசபையரைச் சொல்ல அவர்களுக்குப் பயம். அக்காவைச் சொல்லப் பயமில்லை. மிளகாய்க் கன்றுகள் நின்ற நிலையில் கருகின.

அக்கா கனகசபையர் வீட்டுக்குப் போனாள். நானும் போனேன். அவர் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார், பக்கத்தில் இரண்டு மூன்று ஊர்ப் பெரியவர்கள். எங்களை முற்றத்து வெயிலில் நிற்கவிட்டார். மோர் வாங்கிக் குடித்த மனிதர் இப்போது அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை, வேலைக்காரனைப் பார்த்துப் பேசினார்.

"என்னவாம்?"

"ஐயா, கிணறு உப்பாப் போச்சுது. இறைப்பை நிப்பாட்டினா மாரிக்காவது திரும்பும். உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்" என்றாள் அக்கா.

கனகசபையர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். "கிணறு உப்பெண்டால் அவளுக்கு நல்லதுதானே. கறிக்கு உப்பு வாங்கிற காசு மிச்சம் எண்டு சொல்லு."

விறாந்தையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். வேலைக்காரனும் சிரித்தான். என் கையில் தொப்பி இருந்தது. அதை நான் பிசைந்த பிசையில் அது பிறகு ஒருநாளும் தலையில் சரியாக இருக்கவில்லை. அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அதைத்தான் கோயிலடியில் ஒருவர் ஆறவிடச் சொல்கிறார்.

வரும் வழியில், நாளைக்கே வேலையை எறிகிறேன் என்றேன். அக்கா நின்றாள்.

"விசரா உனக்கு? நீ விட்டால் வேறை ஒருத்தன் வந்து புல்லைக் காப்பாத்திப்போடுவான். நீ போ. அவர் சொன்னபடி எங்கடை கிணத்துத் தண்ணியையே விடு. வேறை ஒண்டும் விடாதை."

அவள் முகத்தைப் பார்த்தேன். அழுத அடையாளமே இல்லை. எங்கள் அம்மா மீன் வெட்டும்போது அப்படித்தான் இருப்பாள்.

நான் கட்டளையை மீறவில்லை. விடிய ஒரு தரம், பொழுதுபட ஒரு தரம், உப்புத் தண்ணீர். முதலில் நுனி மஞ்சளானது. பிறகு வட்டம் வட்டமாகச் சாம்பல் நிறம் பரவியது. மண்ணின் மேலே வெள்ளையாகப் பூத்தது. எனக்கு அதைப் பார்க்க எவ்வளவு சந்தோசம் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். என் கையால் நட்ட புல். ஒவ்வொரு நாளும் போய்க் குனிந்து, இன்றைக்கு எவ்வளவு செத்திருக்கிறது என்று பார்ப்பேன்.

கனகசபையர் வந்து பார்த்தபோது பெரிய துரை வருவதற்குச் சில நாள்தான் இருந்தது. கைத்தடியால் புல்லைக் கிண்டினார். முகம் வெளுத்தது. "என்ன இது?" என்றார்.

"நீங்கள் சொன்ன தண்ணிதான் விட்டது, ஐயா. நிப்பாட்டக் கூடாது எண்டு எல்லாருக்கும் முன்னாலை சொன்னனீங்கள்."

பக்கத்தில் நின்ற வேலைக்காரர் எல்லாரும் ஓம் என்று தலையாட்டினார்கள். புதிதாக நடக் காலமில்லை. அங்குமிங்கும் நடந்த கனகசபையர் சட்டென்று நின்றார். "உம்மடை கொக்கா பாய்க்குச் சாயம் போடுறவ எல்லே? பச்சைச் சாயம் இருக்குமோ?"

சத்தியமாக இது நான் கொடுத்த யோசனை இல்லை. மனிதர் தானாகவே போய் விழுந்தார். வீட்டுக்கு வந்து சொன்னேன். அக்கா கிணறு உப்பான நாளுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள்.

"எவ்வளவு வேணுமெண்டாலும் காய்ச்சித் தாறன் எண்டு சொல்லு."

பனையோலைச் சாயம் காய்ச்சும்போது அது ஓலையில் பிடித்து நிற்க ஒரு சாமான் போடுவாள். அதைப் போடாவிட்டால் சாயம் தொட்ட கையோடு வந்துவிடும். கிடாரம் கிடாரமாகக் காய்ச்சினாள். அந்தச் சாமானை மட்டும் அடுக்கிலிருந்து இறக்கவே இல்லை. பூவாளியால் செத்த புல்லுக்குச் சாயம் வார்த்தோம். தூரத்தில் நின்று பார்த்தால், அடேயப்பா, மலைநாடு தோற்றது.

பெரிய துரை வந்த பின்னேரம் நல்ல வெயில். முள்வேலிக்கு வெளியே சனம் கூடி நின்றது. துரை, அவருடைய மனைவி, ஒரு வெள்ளைச் சடைநாய், ஊர்காவற்றுறைத் துரைமார், எல்லாருக்கும் பின்னால் புதுக் கோட்டில் கனகசபையர். பெரிய துரை தூரத்துப் பச்சையைக் கண்டு கனகசபையரின் தோளில் தட்டினார். கனகசபையர் சனத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார். பட்டம் அப்போதே கிடைத்துவிட்ட முகம்.

முதலாவது வட்டத்தில் துரை பந்தை உருட்டினார். அது உருண்டு போய்க் கிளிப்பச்சை நிறத்தில் நின்றது. குழிக்கு நேர் பார்க்க அவர் ஒரு முழங்காலை ஊன்றிக் கையையும் நிலத்தில் வைத்தார். எழும்பியபோது வெள்ளைக் காற்சட்டையின் முழங்கால் பச்சை, உள்ளங்கை பச்சை. அவர் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிற நேரத்தில் அந்தச் சடைநாய் வட்டத்தின் நடுவில் மல்லாந்து புரண்டு எழும்பி உதறியது. துரைசாணியின் சட்டையெல்லாம் பச்சைப் பொட்டு. நாயைச் சொல்லத் தேவையில்லை. அந்த அம்மா போட்ட கூச்சலில் தரவைக் காகமெல்லாம் எழும்பியது. வேலிக்கு வெளியே ஒருவர் தும்மினார், அல்லது சிரிப்பை அடக்கினார்.

"இது என்ன?" என்று துரை ஆங்கிலத்தில் கேட்டார்.

"எங்கள் நாட்டு வழக்கம், சேர்" என்றார் கனகசபையர். அந்த மறுமொழியை நினைத்து நான் பல கெட்ட நாட்களைக் கடந்திருக்கிறேன்.

துரை கைகழுவத் தண்ணீர் கேட்டார். அப்போது சனத்தை விலக்கிக்கொண்டு அக்கா வந்தாள். கையில் மினுக்கித் துடைத்த செம்பு. துரை அவளிடம் கையை நீட்டிக் கழுவினார், வெயில் களைக்கு ஒரு வாய் குடித்தார், உடனே துப்பினார்.

"இவருக்கு நான் சொல்லுறதைச் சொல்லு" என்றாள் அக்கா என்னிடம். "இது எங்கடை கிணத்துத் தண்ணி. இந்தப் பகுதியிலையே நல்ல தண்ணிக் கிணறு. இந்தப் புல்லுக்கு இறைச்சு இறைச்சு உப்பாக்கினவை. நிப்பாட்டச் சொல்லிக் கும்பிட்டுக் கேட்டனான். கனகசபையரைக் கேக்கச் சொல்லு."

நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். கடையில் வெங்காயம் நிறுக்க மறுத்த காலத்திலிருந்து நான் ஒழுங்காகச் செய்த வேலை அது ஒன்றுதான். துரை செம்பை வாங்கிக் கனகசபையரிடம் நீட்டினார். குடியும் என்பதற்கு அடையாளமாகத் தலையை அசைத்தார். கனகசபையர் குடித்தார். அத்தனை சனத்துக்கும் முன்னால், கழுத்து மேலும் கீழும் ஏறி இறங்க, மிச்சம் வைக்காமல் குடித்தார்.

"என்ன ஐயா, கறிக்குக் காணுமோ உப்பு?" என்றாள் அக்கா.

அதன்பிறகு சனம் அடக்கவில்லை. பெரிய துரை தேத்தண்ணி குடிக்காமலே போனார். அடுத்த நாள் எனக்கு வேலை போனது. கனகசபையருக்குப் பட்டம் வரவில்லை, வந்த வருசமும் வரவில்லை, அதற்கடுத்த வருசமும் வரவில்லை. ஒவ்வொரு முறையும் நானும் அக்காவும் பாயாசம் வைத்துக் குடித்தோம். கோவிலில் அவர் பரிவட்டத்துக்குத் தலை நீட்டும்போது பின்னால் யாராவது "பச்சை முதலியார்" என்பார்கள். நான் சொன்னதில்லை என்று சொல்லமாட்டேன்.

உங்களுக்கு ஞாயம் கிடைத்துவிட்டதே, பிறகேன் கோபம் என்று கேட்பீர்கள். கிணறு திரும்பவில்லையே. நல்ல மாரிகள் பெய்தன. மாடு குடிக்கிற அளவுக்கு வந்தது, மிளகாய் பிழைக்கிற அளவுக்கு வந்தது. சோறு சமைக்கிற அளவுக்கு வரவில்லை. சனம் வேறு கிணறுகளுக்குப் போய்ப் பழகிவிட்டது. அக்கா கடைசிவரைக்கும் படலையைத் திறந்துதான் வைத்திருந்தாள். கார்த்திகை மழை விட்டதும் போய் ஒரு கை அள்ளி நாக்கில் விட்டுப் பார்ப்பாள்.

கனகசபையர் கிழண்டி, படுக்கையில் கிடந்து செத்தார். செத்தவீட்டுக்கு நான் போகவில்லை. அக்கா போனாள். வெள்ளைச் சீலை உடுத்து, தலைமாட்டில் வெகுநேரம் நின்றாளாம். ஊர் முழுக்க அவளுடைய பெருந்தன்மையைப் பற்றித்தான் கதை. வீட்டுக்கு வந்து தலை முழுகிவிட்டு ஈரத்தோடு குந்தியிருந்தவளிடம் கேட்டேன்.

"அக்கா, என்னத்துக்குப் போனனீங்கள்?"

"மெய்யாச் செத்திட்டாரோ எண்டு பாக்கப் போனனான்" என்றாள்.

இங்கே வருவதற்கு முன் கடைசியாக ஒருமுறை ஊருக்குப் போனேன். அக்காவும் கண்ணை மூடிவிட்டிருந்தாள். துரைமார் போனார்கள், துறைமுகம் படுத்தது, தரவையின் முள்வேலி உக்கி விழுந்து நாகதாளி மூடிவிட்டது. எது வட்டம், எது குழி என்று எனக்கே அடையாளம் பிடிபடவில்லை. அக்காவின் கிணற்றுக்குள் சுவர் இடிந்து விழுந்து கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் கொழும்பு, இலண்டன் என்று போயிருந்தார்கள். ஒழுங்கையில் வழி கேட்கக்கூட ஒருவர் இல்லை.

கனகசபையர் வீட்டுக்கும் போனேன். பிள்ளைகள் ஒருவரும் அங்கே இல்லை. படலை இல்லை, கூரையில் பாதி இல்லை. முற்றத்தில் எருக்கலை. நான் செருப்போடு நடந்து விறாந்தையில் ஏறினேன். சாய்மனைக் கதிரை இருந்த இடத்தில் நின்றேன். வாழ்நாளில் ஒருமுறையும் அவரை முகத்துக்கு நேரே மரியாதை குறைத்துக் கூப்பிட்டதில்லை. அன்றைக்குத் தொண்டை கிழியக் கத்தினேன்.

"டேய் கனகசபை! வெளியிலை வாடா!"

உள்ளே போய் இன்னொரு தரம் கத்தினேன். குசினிக்குள்ளும் போய்க் கத்தினேன். பின்வளவில் யாரோ விட்டுவிட்டுப் போன மாடு ஒன்று தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. பிறகு குனிந்து மேயத் தொடங்கியது.